ஹர்கிலாவும் கொல்லைக் கடம்பும்

குவஹாத்தியின் மேற்கு விளிம்பில், தீபோர் பீல் ஈரநிலத்தை ஒட்டியிருந்த நகரக் குப்பைமேட்டில்தான் பெருநாரையை நான் முதன்முதலில் கண்டேன். ஏறத்தாழ ஐந்தடி உயரமும், வழுக்கைத் தலையும், ஆப்புப் போன்ற அலகும் கொண்ட அப்பறவையின் கழுத்தில் தொங்கும் செம்மஞ்சள் பை இரையைச் சேர்த்து வைப்பதற்கானது என்று எண்ணியிருந்தேன். அது உணவுக்குழாயோடு தொடர்பற்ற காற்றுப் பை என்று உடன் வந்த அசாமிய நண்பர் திருத்தினார். எலும்பை விழுங்குவது என்ற பொருளில் அசாமியர் இதனை ஹர்கிலா என்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் மாளிகைக் கூரைகளில் இவை கூட்டமாக நின்றன. நகரின் கழிவைத் தின்று தீர்த்ததால், கொல்பவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மாநகராட்சிச் சின்னத்திலும் இடம் கிடைத்தது. அந்நகரிலிருந்து இவை மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. இன்று அசாம், பீகாரின் பாகல்பூர்ப் பகுதி, கம்போடியா ஆகியவையே இவை இனப்பெருக்கம் செய்யும் முக்கிய இடங்கள்.

குப்பைமேட்டுப் படங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, இப்பறவையின் விதி குப்பைமேட்டில் அன்று, யாரோ ஒருவரின் வீட்டுக் கொல்லையில்தான் முடிவாகிறது என்பது எளிதில் தோன்றுவதில்லை. ஊருக்குள் நிற்கும் உயர்ந்த கடம்பிலும் இலவிலும் இவை கூடு கட்டுகின்றன, மரம் தனியாருடையது. எச்சமும், அழுகிய மீனும், சில வேளைகளில் பாம்புத் துண்டும் முற்றத்தில் விழுந்துகொண்டே இருந்தால், மரத்தின் சொந்தக்காரர் கோடரியைத் தேடுவதில் வியப்பென்ன? 2007ஆம் ஆண்டில் அசாமின் காமரூப் மாவட்டத்தில் அவ்வாறு ஒரு மரம் வெட்டப்பட்டுக் குஞ்சுகள் விழுந்து கிடந்ததைக் கண்ட உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன், தம் முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டுத் தாதரா, பசாரியா ஊர்ப் பெண்களிடம் சென்றார். அப்பெண்கள், வீட்டில் வளைகாப்பு நடத்துவதுபோல் கூட்டிலிருக்கும் பறவைக்கும் சடங்கு செய்தனர். சேலையிலும், கமோசா என்னும் அசாமியத் துண்டிலும் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்றனர். தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டினர். அழியும் அபாயத்தில் உள்ளவை என்ற வகையிலிருந்த இப்பறவையை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2023இல் அச்சுறுத்தலை நெருங்கியவை என்ற வகைக்கு மாற்றியது. கணக்கில் இது இரண்டு படி ஏற்றமே. ஆனால் மரம் இன்னும் தனியாருடையதுதான்.

தாதராவில் நாங்கள் நின்ற வீட்டு மூதாட்டியிடம், நாற்றம் தொல்லையாக இல்லையா என்று நண்பர் வழியாகக் கேட்டேன். பிள்ளை பெற்ற வீடு நாறாதா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, காலையில் விழுந்த மீன் எலும்புகளைக் கூட்டத் தொடங்கினார்.