வருகைப் பதிவேடும் விடுதிக் காய்ச்சலும்

கோவைப் புறநகரில் ஒரு பொறியியல் கல்லூரியின் மகளிர் விடுதிக்கு நான் காப்பாளர். பொறுப்பேற்ற முதல் ஐப்பசியிலேயே ஒன்று புரிந்துவிட்டது: விடுதியில் ஃப்ளூ பரவ வைரஸ் பாதிக் காரணம் என்றால், வருகைப் பதிவேடு மீதிக் காரணம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்களே என்ற பயத்தில், காய்ச்சல் கண்ட பிள்ளைகள் காலையில் ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். கேட்டால், "ஒன்றுமில்லைங்க மேடம், வெறும் தலைவலிதானுங்க" என்பார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொய்கூட மரியாதையோடுதான் வரும்.

மாத்திரை காய்ச்சலை இறக்கும், பரவுவதை நிறுத்தாது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும் நோய் இது. நான்கு கட்டில் போட்ட அறையில் ஒருத்தி இருமினால் மற்ற மூவரும் அடுத்தடுத்துப் படுப்பார்கள். போதாததற்கு வெள்ளிக்கிழமை மாலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அடுத்த ஆண்டு ஆவணியிலேயே முதல்வரைப் பார்த்தேன். தரைத்தளத்தில் காற்றோட்டமான இரண்டு அறைகளைக் காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். விடுப்பு விஷயத்தில்தான் இழுபறி. "விட்டால் எல்லாரும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார்களே" என்றார் ஒரு துறைத் தலைவர். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். விடுதிச் செவிலியர் பார்த்து 100 டிகிரிக்கு மேல் இருந்தால் அவர் கையெழுத்தே போதும். சான்றிதழுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம். மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால்தான் மறுபடி வகுப்பு. விட்டுப்போன உள்தேர்வைப் பிறகு எழுதலாம்.

ஏமாற்றியவர்கள் இல்லாமல் இல்லை. டீ டம்ளரில் வெப்பமானியை முக்கிக் கொண்டுவந்த ஒருத்திக்கு அது மனிதர் தாங்கும் அளவையே தாண்டிக் காட்டியது. செவிலியர் அக்கா சிரித்தபடி, "கண்ணு, இந்தச் சூட்டுக்கு வகுப்பு வேண்டாம், நேரே 108ஐக் கூப்பிடலாம்" என்றார். அப்படிப்பட்டவர்கள் சொற்பம்தான். ஒளித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் நாளே தானாக வந்து நின்றதுதான் பெரிய லாபம். ஓசல்டமிவிர் போன்ற ஃப்ளூ வைரஸ் மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மருந்துக்கடையில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் வழக்கமும் குறைந்தது. வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தடுப்பூசிக்குப் புரட்டாசியில் ஏற்பாடு செய்தோம். உடலில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் வடகிழக்கு மழைக்கு முன்பே போட்டாக வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் சேர்மானமும் மாறும். போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. காசு கொடுத்துப் போட வேண்டியது என்பதால் ஆஸ்துமா, சர்க்கரை உள்ள பிள்ளைகளை முதலில் வற்புறுத்தினேன். கோபிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா போன் செய்தார்: "ஏனுங்க மேடம், ஊசி போட்டாலே காய்ச்சல் வருமாமே, பரீட்சை நேரத்தில் இது எதற்குங்க?" செயலிழக்கச் செய்த வைரஸ்தான் அதில் இருக்கிறது, கை வலியும் ஒரு நாள் உடம்புச் சூடும் வரலாம், ஃப்ளூ வராது என்று விளக்கினேன். "சரிங்க, நீங்கள் சொன்னால் சரிதானுங்க" என்றார். மருத்துவர் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார் என்று தோன்றியது.

நோய் அறைக்குச் சாப்பாடு போகிற வழியை மெஸ் அக்காதான் அமைத்தார். தனித் தட்டு, தனி டம்ளர், வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவது. மதியம் குழைந்த சாதமும் செலவு ரசமும். மிளகு, சீரகம், மல்லி, பூண்டு அரைத்து அவர் வைக்கும் ரசம் வைரஸைக் கொல்லும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கண்டு முகம் சுளிப்பவள் அந்த ரசத்தை இரண்டு டம்ளர் குடிப்பாள். காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றாமல் இருப்பதுதானே முக்கியம்.

மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே வந்து குழப்பும். சளி, இருமல் இல்லாமல் கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவோம். அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கிடையாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் என்னை எழுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுப்பியும் இருக்கிறார்கள்.

செவிலியர் கையெழுத்து விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் செல்லுபடியாகிறது. வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் இன்னும் இருமிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதிய கடிதத்தை இந்த வாரம் துறைத் தலைவர்கள் கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.