எகிப்தில் யார் எதை நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள்

எகிப்துக்குக் கிளம்புகிறவர்கள் வெயில் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் சமாளித்துவிடலாம். அங்கே ஆளைக் களைக்க வைப்பது பின்னாலேயே வரும் வியாபாரிகள்தான்.

கிசாவில் பிரமிடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வந்து தலையில் துணியைச் சுற்றிவிடுவார், இன்னொருவர் வண்டு வடிவில் செதுக்கிய சின்னக் கல்லை உள்ளங்கையில் வைத்து "பரிசு, காசு வேண்டாம்" என்பார். நாலடி நடப்பதற்குள் அந்தப் பரிசுக்கு விலை வந்துவிடும். திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். வாதாட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் கல் மேல் பத்திரமாக வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஒட்டகக்காரர்கள் சிலரிடம் ஏறுவதற்கு ஒரு விலை, ஒட்டகம் எழுந்து நின்ற பிறகு இறங்குவதற்கு வேறு விலை. ஏறும் முன்பே இரண்டையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், பணத்தைத் தரையில் கால் வைத்த பிறகு கொடுங்கள்.

நம் முகத்தைப் பார்த்ததும் "இந்தியாவா? அமிதாப் பச்சன்! ஷாருக் கான்!" என்று கூப்பிடுவார்கள். பொய்யான அன்பு என்று சொல்லமாட்டேன், இந்திப் படங்கள் அங்கே உண்மையிலேயே பிரியமானவை. ஆனால் நின்று பதில் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கூப்பிட்டவருக்கு முகம் கொடுக்காமல் போவது நமக்குப் பழக்கமில்லைதான், இருந்தாலும் நடையை நிறுத்தாமல் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். சங்கடப்பட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், திரும்பி வரும் வழியில் அதே ஆள் காத்திருப்பார்.

இந்த வியாபாரத்தில் என்னை ரசிக்க வைத்தது நைல் கரையில் இருக்கும் எஸ்னா என்ற ஊர். லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே போகும் நைல் கப்பல்கள், அணையைத் தாண்ட அங்கே காத்து நிற்கும். சின்னப் படகுகளில் ஆட்கள் கப்பலை ஒட்டி வந்து, நீள அங்கியையும் மேசை விரிப்பையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, ஆடும் படகில் நின்றபடியே மேல்தளத்துக்கு வீசுவார்கள். குறி தப்புவது அபூர்வம். விலை பேசுவதெல்லாம் கீழிருந்து மேலே கத்தித்தான். பிடித்திருந்தால் பணத்தை ஒரு பையில் போட்டு எறிய வேண்டும், வேண்டாம் என்றால் துணியைத் தண்ணீரில் விழாமல் திருப்பிப் போட வேண்டும். தயவுசெய்து குறி பார்த்துப் போடுங்கள், நனைந்தால் நஷ்டம் அவருக்கு.

அவர்களைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2011 புரட்சிக்குப் பிறகும், அப்புறம் கொரோனாவிலும் சுற்றுலாப் பயணிகள் வரத்து படுத்துவிட்டது. 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பு சரிந்து, சுமார் 31 பவுண்டாக இருந்த ஒரு டாலர் 50ஐ ஒட்டிப் போனது. தொல்லை கொடுத்தால் 10,000 பவுண்டு வரை அபராதம் என்று 2018இல் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2025இல் கிசாவில் ஒட்டகங்களையும் குதிரைகளையும் தனி இடத்துக்கு மாற்றியபோது, பிழைப்பு போகிறதே என்று அவற்றை ஓட்டிப் பிழைப்பவர்கள் போராடினார்கள். அன்றைய வருமானம் அன்றைக்கே வந்தாக வேண்டிய மனிதரிடம் அபராதத்தைக் காட்டி என்ன ஆகப் போகிறது? வாங்குவதென்றால் துரத்தாமல் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரிடம் போய் வாங்குங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை மட்டும் கேட்காதீர்கள், அது அவருடைய நேரத்தை வீணாக்குவது.

பணம் கொடுக்கும்போது ஒன்று. அங்கே 50 பவுண்டு நோட்டும் உண்டு, 50 பியாஸ்டர் நோட்டும் உண்டு. பின்னது அரை பவுண்டுதான். பவுண்டை வாங்கிக்கொண்டு பியாஸ்டரைக் காட்டி "இதைத்தானே கொடுத்தீர்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நோட்டை விரித்துக் காட்டி, "ஐம்பது பவுண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.