கடுகு, தம்புரா, ஒரு விநாடி நினைவகம்: ஒலித்துகள் மாட்யூலுடன் மூன்று வாரங்கள்

மாட்யூல்கள் எனப்படும் தனித்தனி மின்னணு ஒலிக் கருவிகளை அடுக்கிக் கம்பிகளால் இணைக்கும் என் யூரோராக் பெட்டியில் நெடுநாளாகக் காலியாகக் கிடந்த இடத்தில் ஒலித்துகள் மாட்யூல் ஒன்றைப் பொருத்தி மூன்று வாரங்கள் ஆகின்றன. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எமிலி ஜிலே வடிவமைத்த கிளவுட்ஸ் என்ற ஒலித்துகள் மாட்யூல் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனால் அதன் மின்சுற்றையும் நிரலையும் அவர் திறந்த மூலமாக வெளியிட்டிருந்ததால், சிறு தயாரிப்பாளர்கள் பலர் அதே வடிவமைப்பை அகலம் குறைந்த முகப்பில் செய்து தருகிறார்கள். என்னிடம் இருப்பதும் அத்தகைய ஒன்றுதான்.

உள்ளே வரும் ஒலியின் கடைசிப் பகுதியை இது எப்போதும் நினைவகத்தில் வைத்திருக்கிறது. அதிலிருந்து மிகச் சிறிய துண்டுகளை வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளியே அனுப்புகிறது. எந்த இடத்தில் வெட்டுவது, எவ்வளவு நீளம் வெட்டுவது, எந்தச் சுருதியில் ஒலிப்பது, எவ்வளவு நெருக்கமாகத் தூவுவது என்பவற்றுக்குத் தனித்தனிக் குமிழ்கள் உண்டு. ஃப்ரீஸ் பொத்தானை அழுத்தினால் பதிவு நின்று, அந்தக் கணம் வரை சேர்ந்த ஒலி மட்டும் நினைவகத்தில் தங்கிவிடும். உயர்ந்த தரத்தில், ஸ்டீரியோவில், அந்த நினைவகம் கொள்வது ஒரே ஒரு விநாடி. தரத்தைக் குறைத்து மோனோவுக்கு மாற்றினால் 8 விநாடிகள் வரை கிடைக்கும்.

முதல் வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே செலுத்தினேன். பேச்சு, மழை, சைக்கிள் மணி, தம்புரா என எதைக் கொடுத்தாலும் அழகாகத்தான் ஒலித்தது. வார இறுதியில் பதிவுகளை வரிசையாகக் கேட்டபோதுதான் சங்கடம் புரிந்தது: எது மழை, எது மணி என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை. துகள்களை நீளமாக்கி, நெருக்கமாகத் தூவி, மேலே எதிரொலி போன்ற ரிவெர்பையும் சேர்த்துவிட்டால் எல்லா ஒலியும் ஒரே மேகமாகிவிடுகிறது. ஓர் ஒலியை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் தொடக்கத்தைக் கொண்டுதான். துகளின் மென்மையான உறை, அதாவது அது மெல்ல எழுந்து அடங்கும் வடிவம், முதலில் கரைத்துவிடுவதும் அந்தத் தொடக்கத்தைத்தான். ஆகவே இரண்டாம் வாரம் ரிவெர்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, இரண்டே இரண்டு ஒலிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலாவது கடுகு. தாளிப்பில் கடுகு வெடிக்கும் ஒலி இயல்பிலேயே துகள்களால் ஆனது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் எண்ணெயில் பதிவு செய்தது சரிவரவில்லை. வெடிப்புகளுக்கு நடுவே எண்ணெயின் சீறல் இடைவிடாது ஓடியதால், எந்த இடத்தில் வெட்டினாலும் துகளில் சீறல்தான் மிஞ்சியது. பிறகு வெறும் இரும்புச் சட்டியில் கடுகைப் போட்டு, மூடியில் மோதும் உலோக ஒலி வராமலிருக்க மாவுச் சல்லடையைக் கவிழ்த்து மூடி, ஒரு முழ உயரத்தில் பதிவுக் கருவியை வைத்தேன். இம்முறை ஒவ்வொரு வெடிப்பும் தெளிவாக, நடுவில் அமைதியோடு கிடைத்தது.

இந்தப் பதிவை மாட்யூலுக்குள் கொண்டுசெல்வதில் ஒரு பாடம் இருந்தது. யூரோராக்கில் ஒலி ஏறத்தாழ 10 வோல்ட் வீச்சில் ஓடுகிறது. பதிவுக் கருவியிலிருந்து வருவதோ அதில் சிறு பங்கு. முதல் நாள் மாட்யூலின் உள்ளீட்டுக் குமிழை மட்டும் நம்பி அதை உயர்த்தியதில் இரைச்சலும் கூடவே உயர்ந்தது. நொடிக்குப் பல துகள்கள் அடுக்கப்படும்போது அந்த இரைச்சலும் அடுக்கப்படுகிறது. முன்னால் ஒரு பெருக்கி மாட்யூலை வைத்த பிறகே நிலைமை சீரானது.

நெருக்கக் குமிழின் நடுநிலையில் மாட்யூல் தானாகத் துகள் எதையும் உருவாக்குவதில்லை. வலப்புறம் திருப்பினால் ஒழுங்கற்ற இடைவெளியிலும் இடப்புறம் திருப்பினால் சீரான இடைவெளியிலும் உருவாக்குகிறது. நான் குமிழை நடுவிலேயே விட்டு, மின்னலைகளை உருவாக்கும் ஓர் அலையியற்றியின் சதுர அலையை, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு துகளை எழுப்பும் தூண்டல் உள்ளீட்டில் செருகினேன். துகளின் நீளத்தைக் குறைந்த அளவில் வைத்து, வெட்டும் இடத்துக்கான குமிழை ஒரே ஒரு கடுகின் வெடிப்பின் மேல் நிறுத்தினேன். விநாடிக்கு ஐந்து தூண்டல்கள் வரும்போது ஐந்து கடுகுகள் வெடித்தன. வேகத்தைக் கூட்டக் கூட்ட அவை படபடப்பாக மாறி, விநாடிக்கு 20-ஐத் தாண்டும் இடத்தில் தனித்தனியாகக் கேட்பது நின்று, அடியிலிருந்து ஒரு சுருதி எழுந்தது. சுருதியைத் தீர்மானிப்பது தூண்டலின் வேகம். அதன் நாதம் மட்டுமே கடுகினுடையது. இதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனாலும் தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவிலுள்ள அந்தக் கோட்டைக் கைவிரலால் குமிழைத் திருப்பிக் கடந்தபோது உடல் சிலிர்த்தது.

ஒலியைச் சின்னஞ்சிறு துகள்களின் கூட்டமாகக் காணலாம் என்று இயற்பியலாளர் டென்னிஸ் காபோர் 1947-இல் எழுதினார். 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியின் பிலிப்ஸ் அரங்குக்காக இசையமைப்பாளர் யானிஸ் செனாக்கிஸ், எரியும் கரியின் சடசடப்பைப் பதிவு செய்து, அந்த நாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டி, ஒரு படைப்பையே உருவாக்கினார். சட்டியில் கடுகு வெடிப்பதைக் கேட்கும்போதெல்லாம் கத்தரியும் காந்த நாடாவுமாக அவர் செய்த அந்த உழைப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது ஒலி, அத்தையின் தம்புரா. கடுகுக்குச் செய்தவை எதுவும் இங்கே பொருந்தவில்லை. தம்புராவின் உயிர் மீட்டும் கணத்தில் இல்லை. மீட்டிய பின், ஜீவாளி (தந்திக்கு அடியில் செருகும் நூல்) வைத்த தந்தி மேற்சுரங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டும் அந்த மலர்ச்சியில் இருக்கிறது. ஃப்ரீஸை அழுத்தி நிறுத்தியபோது தந்தி முடிவின்றி ஒலித்தது. ஆனால் மலர்ச்சி ஒரே புள்ளியில் உறைந்து, ஆர்மோனியத்தின் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தது போலாகிவிட்டது.

வழி கிடைத்தது வெட்டும் இடத்துக்கான குமிழில்தான். மிக மெதுவாக ஏறும் ஓர் எல்.எஃப்.ஓ.வை (தாழ் அதிர்வெண் அலையியற்றி) அந்தக் குமிழுக்கான உள்ளீட்டில் செருகி, உறைந்த ஒரு விநாடியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கடக்க ஏறத்தாழ 40 விநாடிகள் எடுக்கும்படி அமைத்தேன். சுருதி மாறவில்லை, மேற்சுரங்கள் மட்டும் ஒவ்வொன்றாக, இடையில் நின்று நிதானமாக, எழுந்து அடங்கின. பஞ்சமத்துக்கு மேலே அந்தர காந்தாரம் எட்டிப்பார்ப்பதை அவ்வளவு நீண்ட நேரம் நான் கேட்டதே இல்லை. துகள்கள் நீளமாக, உறை வழவழப்பாக இருக்க வேண்டும்; குறைத்தால் சிறு தடதடப்பு வந்துவிடுகிறது. சிறிதளவு ஸ்டீரியோ விரிவைத் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை.

இந்த வாரம் இரண்டையும் இணைத்துப் பார்க்கிறேன். பெட்டியில் ஒலித்துகள் மாட்யூல் ஒன்றுதான் இருப்பதால் தம்புராவை முதலில் பதிந்து ஒலிக்கவிட்டு, கடுகை அதன்மேல் வாசிக்க வேண்டியிருக்கிறது. அத்தையின் தம்புராவின் சுருதி ஐந்தரைக் கட்டை. அதன் மந்தர ஷட்ஜம் சுமார் 104 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, விநாடிக்கு 52 தூண்டல்கள் என்ற அளவில் கடுகை நிறுத்திக் காதால் சேர்க்கிறேன். அலையியற்றி சூடேறும் வரை சுருதி நகர்ந்துகொண்டே இருப்பதால், பெட்டியை இயக்கி அரைமணி நேரம் கழித்தே சேர்க்க முடிகிறது. நேற்று இரவு அவை ஒருமுறை சரியாகப் பொருந்தின. கடுகின் கரகரப்பு தம்புராவின் அடியில் பாயாக விரிந்து, அதன் வேகத்தை மெல்லக் குறைத்தபோது மீண்டும் ஒவ்வொரு கடுகாக உதிர்ந்தது. பதிவுக் கருவியை அப்போது இயக்கியிருக்கவில்லை. இன்று மாலை அதே அமைப்பை முதலிலிருந்து செருகப் போகிறேன்.