இரண்டு நிமிஷமும் ஒரு சைக்கிளும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, கிளம்பிவிட்ட ரயிலோடு பிளாட்பாரத்தில் ஓடினேன். என் சைக்கிள் உள்ளே இருந்தது. காவிரிக் கரையோரமாக நான்கு நாள் ஓட்டலாம் என்று சென்னையில் லக்கேஜ் போட்டு ஏற்றியிருந்தேன். இறங்க வேண்டிய ஊரில் வண்டி நிற்பது இரண்டே நிமிஷம். என் பெட்டியிலிருந்து இறங்கிக் கடைசியில் இருந்த பிரேக் வேனை, அதாவது சாமான் ஏற்றும் பெட்டியை, எட்டுவதற்குள் ஒரு நிமிஷம் போய்விட்டது, கதவைத் திறந்தால் சைக்கிளுக்கு முன்னால் கூரை வரைக்கும் மூட்டைகள். "தம்பி, இதை இப்ப இறக்க முடியாது, கடைசி ஸ்டேஷன்ல இறக்கித் திருப்பி அனுப்புவாங்க" என்றார் உள்ளே இருந்தவர். அனுப்பினார்கள், மூன்றாம் நாள். அதுவரை லாட்ஜில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. இரண்டு நிமிஷத்தில் அவ்வளவு மூட்டைகளை நகர்த்தி அடியில் இருப்பதை எடுக்க யாராலும் ஆகாது. நம்மூர் ரயிலில் சைக்கிள் ஒரு மூட்டை, அவ்வளவுதான். மூட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எல்லாச் சிக்கலும் இந்தப் பிரிவிலிருந்துதான் வருகிறது.

கையோடு பெட்டிக்குள் கொண்டுபோகலாமே என்று கேட்பார்கள். பெட்டிக்குள் அனுமதிக்கும் சாமானுக்கு அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். என் சைக்கிளின் சக்கரத்தை மட்டும் கழற்றி வைத்தாலே டயரோடு கிட்டத்தட்ட 68 செ.மீ. வருகிறது. ஜப்பானில் சைக்கிளைக் கழற்றியோ மடக்கியோ முழுதாக ஒரு பைக்குள் போட்டுவிட்டால் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் காசில்லாமல் கூடவே எடுத்துப் போகலாம், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 250 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நம்முடைய மூன்று எண்களைக் கூட்டிப் பாருங்கள், 185. அந்த 65 செ.மீ.தான் என்னைப் பார்சல் ஆபீஸுக்கு அனுப்புகிறது.

சரி, பார்சல் ஆபீஸ். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, "லக்கேஜா போடணும், பார்சலா இல்லை" என்று. பயண டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் நாம் போகும் அதே வண்டியில் போக வேண்டும். பார்சல் என்றால் இடம் கிடைக்கும் வண்டியில், கிடைக்கும் நாளில். இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டு, ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பி, பின்சக்கரத்துப் பக்கம் கியர் தொங்கும் இடத்துக்குத் தடித்த அட்டை வைத்துக் கட்டி, மேலே கோணி சுற்றித் தைப்பது நல்லது. லைட், பம்ப், பாட்டில் எதையும் விட்டுவைக்காதீர்கள். ஊர்ப்பெயரையும் வண்டி எண்ணையும் போன் நம்பரையும் இரண்டு அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் இன்னொன்று இருக்கும். போய்ச் சேர்ந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அதற்குத் தனிக் கட்டணம். வந்தே பாரத் மாதிரி வண்டிகளில் பிரேக் வேனே கிடையாது, அதை மறந்துவிடலாம்.

அப்புறம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாம் ஏறும் ஊரில் கிளம்பி இறங்கும் ஊரிலேயே முடியும் வண்டியாகப் பிடியுங்கள். எழும்பூரிலிருந்து திருச்சிக்கு ராத்திரி போகும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் அப்படித்தான். ஏற்றவும் நேரம் இருக்கும், இறக்கவும் நேரம் இருக்கும். போன தையில் அதில்தான் போனேன். காலையில் கோணியைப் பிரித்துப் பெடலை மாட்டிவிட்டுக் கல்லணைக்கு மிதித்தேன். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம். ஆறு கூடவே வந்தது. கும்பகோணத்திலிருந்து மனசு கிழக்கே பூம்புகாருக்குத்தான் இழுத்தது. ஆனால் திரும்ப அதே வண்டியைத் திருச்சியில்தான் பிடித்தாக வேண்டும். அதனால் தஞ்சாவூர் வழியாக வளைந்து வந்துவிட்டேன். ஆற்றோடு போய்க் கடலைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கோபன்ஹேகனின் புறநகர் ரயில்களில் 2010லிருந்து சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை, உருட்டிக்கொண்டே ஏறலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் ஆறு ஸ்டேஷன்களில் சைக்கிளை உள்ளே விட ஆரம்பித்தது. சென்னை எலக்ட்ரிக் ட்ரெயினில் கடற்கரை – தாம்பரம் தடம் 1931லிருந்து ஓடுகிறது, கூடையும் மூட்டையுமாக வருகிறவர்களுக்கு வெண்டார் பெட்டி என்று தனியாகவே இருக்கிறது. கூட்டமில்லாத மதிய நேரத்தில் அதன் ஒரு சுவரில் நான்கு கொக்கி அடித்து முன்சக்கரத்தை மாட்டித் தொங்கவிட்டால் யாருக்கு இடைஞ்சல்? நெதர்லாந்தில்கூடக் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மடக்காத சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவதில்லை, அந்தக் கட்டுப்பாடு நியாயம்தான். மற்ற நேரத்தில் கேட்கிறேன்.

வெளியூர் வண்டியிலும் அதேதான் கேட்பேன். முன்பதிவில்லாத பெட்டி ஒன்றில் கதவோரமாக இரண்டு கொக்கி, அதற்கொரு டிக்கெட். மயிலாடுதுறையில் வண்டி இரண்டு நிமிஷம் நின்றால் போதும், பூம்புகார் மணல் ஒட்டிய சைக்கிளை நானே தூக்கி ஏற்றிவிடுவேன்.