ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்று போனால், மருத்துவர் முதலில் காதைத்தான் சோதிக்கச் சொல்வார். "விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடி வருகிறானே, காது எப்படிக் கேட்காமல் இருக்கும்?" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். சோதித்தே ஆக வேண்டும். ஒரு காதில் மட்டும் உள்ள குறையோ, சில ஒலிகள் மட்டும் எட்டாத குறையோ வீட்டில் பிடிபடாது.

இதற்கான பெரா சோதனை, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்ப்பது. அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். முந்தின இரவு தாமதமாகப் படுக்கவைத்து, விடியலில் எழுப்பி, வழியில் கண்ணயர விடாமல் கூட்டிப்போங்கள். தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் மின்முனை எண்ணெய்ப் பிசுக்கில் நிற்காது. பாதியில் விழித்துக்கொண்டால் பெரும்பாலும் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தை என்றால் ஆட்டிசத்துக்கு வாய்ப்பு உண்டா என்று முதலில் பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்வித் தாளைத் தருவார்கள். இணையத்தில் பார்த்து வீட்டிலேயே கூட்டிப் பார்ப்பவர்கள் தவறுவது 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில். மற்றவற்றில் 'இல்லை' என்றால் ஒரு மதிப்பெண். இவற்றில் மட்டும் 'ஆம்' என்றால் ஒரு மதிப்பெண். 3 முதல் 7 வரை வந்தால் தொடர் கேள்விகள் உண்டு. 8ஓ அதற்கு மேலோ வந்தால் நேராக முழு மதிப்பீடு. இது சல்லடைதான், முடிவு அல்ல.

முழு மதிப்பீட்டில், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்தியாவில் பயன்படுவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற, ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல். ஆறு பிரிவு, 40 கூற்று. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண்: 20 சதவீத நேரத்துக்குள் என்றால் 1, 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 5. மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். ஆகவே 'சில சமயம்', 'ரொம்ப' என்ற பதில்களால் பயனில்லை. "பத்து முறை கூப்பிட்டால் இரண்டு முறை திரும்புகிறான், அதுவும் அம்மா கூப்பிட்டால்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

மதிப்பெண் தவறாகக் குறைவது பெரும்பாலும் பாசத்தால். பிள்ளை அலறுகிறான் என்று மிக்ஸியை அவன் தூங்கும்போது மட்டும் ஓட்டப் பழகிய வீட்டில், "சத்தம் பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லையே" என்று பதில் வரும். ஒரே தட்டு, ஒரே வழி, ஒரே சட்டை என்று வீடே அவனுக்கு வளைந்துபோயிருக்கும். போவதற்கு முன் ஒரு வாரம், எதையெல்லாம் அவனுக்காக மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

அறிதல் சார்ந்த கடைசி நான்கு கூற்றுகளைத்தான் பெற்றோர் அதிகம் கோட்டை விடுகிறார்கள்: நிலையில்லாத கவனம், தாமதமான பதில், அசாதாரண நினைவாற்றல், தனித்திறன். பேருந்து எண்களையெல்லாம் ஒப்பிப்பதைப் பெருமையாக உறவினரிடம் சொல்வோம். மதிப்பீட்டாளரிடம் அது நினைவுக்கே வராது. கேள்வி கேட்டுப் பத்துப் பதினைந்து வினாடி கழித்துப் பதில் வருவதும் குறிக்க வேண்டியதே. நாம் பொறுமையிழந்து மறுபடி கேட்டால், அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சுட்டிக்காட்டுவதையும் பிரித்துச் சொல்லுங்கள். வேண்டியதைக் கேட்கச் சுட்டுவது வேறு, "அதோ பார்" என்று நம்மோடு பகிரச் சுட்டுவது வேறு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். நம் கையைப் பிடித்து இழுத்து டப்பாவின் மேல் வைப்பது இரண்டிலும் சேராது. அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பதில் உள்ள சிரமம் இங்கிருந்தே தெரியத் தொடங்குகிறது என்பதால்தான் இவ்வளவு துருவிக் கேட்கிறார்கள்.

கூடவே சமூக முதிர்ச்சி அளவு என்ற எஸ்.க்யூ. எண்ணும் வரும். அது ஐ.க்யூ. அல்ல. தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது போன்றவற்றைக் கேட்டுப் போடும் எண் அது; ஊட்டியே வளர்த்திருந்தால் அறிவுக்குச் சம்பந்தமில்லாமல் இறங்கிவிடும்.

இடையில் கர்ப்பகாலம் பற்றிக் கேட்பார்கள்: வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை எடுத்தீர்களா, குறைமாதமா, பெற்றோர் வயது என்ன, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. இது தாயின் மேல் பழி போடும் விசாரணை அல்ல. மரபணுக்களின் பங்கே பெரிது. மற்றவை வாய்ப்பைக் கூட்டும் காரணிகள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற கதைக்குக் காரணமான 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை, அதில் ஆட்டிசம் தெரியாது. வலிப்போ நரம்பியல் அறிகுறியோ இருந்தால்தான் அதற்கு அர்த்தம். பேசிய சொற்கள் மறைந்திருந்தால், பழைய கைப்பேசி வீடியோக்களைத் தேதியோடு எடுத்துப் போங்கள். வாய்வார்த்தையைவிட அவை உதவும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் முன், ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னெழுத்து விரித்து எழுதிய இடத்தில்தான் விண்ணப்பம் சிக்கும். பல சலுகைகளுக்கு, குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்பது வரம்பு. சதவீதம் மட்டும் எழுதிய சான்றோடு திரும்பாமல், பிரிவு வாரியான மதிப்பெண் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பேச்சுப் பயிற்சியாளரும் செயல்முறைப் பயிற்சியாளரும் கேட்கப்போவது அதைத்தான். அட்டை வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் அட்டை இல்லாமலேயே தொடங்கலாம்.