நகத்தால் நெய்யும் பட்டு

நேற்று ஜப்பானில், கியோட்டோவின் நிஷிஜின் பகுதியில், அவர்களின் மரபு உடையான கிமோனோ விற்கும் ஒரு பழைய கடைக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்ததும், ஒரு பட்டுச் சுருளை முன்னால் உருட்டி விரித்தார்கள். அகலம் ஒரு முழம்கூட இல்லை, நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். அதை நேர்க்கோட்டில் 8 துண்டுகளாக வெட்டித் தைத்தால் ஒரு கிமோனோ. வளைவு வெட்டு இல்லாததால் துணி வீணாவதே இல்லை. பழசானால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி நீளமாக இணைத்து அலசி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, வேறொருவர் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். அராய்ஹாரி என்கிறார்கள். பாட்டியின் கிமோனோ பேத்திக்கு வருவது இப்படித்தான்.

அப்புறம் உள்ளே ஒரு தறியைக் காட்டினார்கள். ட்சுசுரே என்று, வண்ண இழைகளாலேயே படம் உருவாக்கும் நெசவு. தறியில் இருந்த அம்மா தன் விரல் நகங்களை ரம்பப் பல் மாதிரி அராவி வைத்திருந்தார். வண்ண இழையைக் கோத்து, அந்த நகத்தாலேயே வாரி இழுத்து நெருக்குகிறார். நுணுக்கமான பூ வேலை என்றால் ஒரு நாளுக்கு 1 சென்டிமீட்டர் நகர்வதே பெரிய விஷயமாம். நான் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு இதழின் ஓரம்கூட முடியவில்லை. நகர மனசே வரவில்லை எனக்கு.