முகிலின் பாலிசியும் கேஸ் ஷீட்டில் ஒரு வரியும்

போன வியாழக்கிழமை வந்த மின்னஞ்சலை இதுவரை நான்கு முறை படித்துவிட்டேன். என் பூனைக்குட்டி முகிலின் இன்சூரன்ஸ் கிளெய்ம் மறுபரிசீலனைக்குப் பின் ஏற்கப்படுகிறது என்று ஒரே ஒரு வரி. அதற்காக 5 வாரம் அலைந்திருக்கிறேன். மனசு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முகில் வந்தபோது 10 வாரக் குட்டி. சாம்பல் நிறம், இடது காது நுனி மட்டும் வெள்ளை. காப்பகத்திலிருந்து கூட்டிவந்த மூன்றாம் நாளே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம், இன்சூரன்ஸ் அப்புறம் என்று நினைத்தேன். இந்த வரிசைதான் தப்பு. டாக்டர் எடை பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். "நேத்து ரெண்டு மூணு தடவை தும்மினான் டாக்டர், கண்ணுல லேசா தண்ணி வந்தது" என்றேன். புது இடம், தூசியாக இருக்கலாம், இரண்டு நாள் பாருங்கள் என்றார். மருந்துகூட எழுதவில்லை. மறுநாளே தும்மல் நின்றுவிட்டது, நானும் மறந்துவிட்டேன். ஆனால் நான் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது.

டாக்டரிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை, அது குட்டிக்குத்தான் கெடுதல். பாலிசியை முதலில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். 8 வாரக் குட்டியையே சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. கூட்டிவரும் தேதி தெரிந்தவுடனே விண்ணப்பித்துவிடலாம். 'ஏற்கெனவே இருந்த நோய்'க்கு இன்சூரன்ஸ் பணம் தராது. அப்படி என்றால் டாக்டர் பெயர் சொல்லிக் கண்டுபிடித்த நோய் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஓர் அறிகுறி குறிப்பில் இருந்தாலே போதும். பாலிசி தொடங்கும் முன்போ, காத்திருப்புக் காலத்துக்குள்ளோ (பாலிசி தொடங்கியும் நோய்க்குப் பணம் தராத முதல் சில நாட்கள்) ஒரு வாந்தி, ஒரு நொண்டல், ஒரு தும்மல் எழுதப்பட்டிருந்தால், பிறகு வரும் நோயை அதோடு முடிச்சுப் போட நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும்.

சரி, பாலிசியைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். மூன்று நிறுவனங்களின் பாலிசிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். விளம்பரத் தாளை அல்ல, முழு பாலிசி வாசகத்தையும் அச்செடுத்துக்கொண்டேன். அதில் நேராக விலக்குகள் பகுதிக்கு, அதாவது எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பக்கத்துக்குப் போங்கள். எதற்கெல்லாம் பணம் தருவோம் என்ற பக்கம் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பாலிசியின் வகை. ஒரு நோய் வந்தால் 12 மாதம் மட்டும் செலவைத் தருவது ஒரு வகை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தொகையை வைத்து, அது தீர்ந்ததும் நிறுத்திக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது வகையில் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் தொகை புதிதாகத் தொடங்கும். பூனைகளுக்கு வயதான காலத்தில் சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, நீரிழிவு எல்லாம் வரும். வந்தால் வருடக்கணக்கில் நீளும். 12 மாதத்தில் கைவிடும் பாலிசி அப்போது எதற்கு? அதனால் மூன்றாவது வகையையே எடுத்தேன். பிரீமியம் கூடுதல்தான், வயது ஏற ஏற இன்னும் கூடும். ஆனால் நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதுவரை வந்த நோயெல்லாம் அங்கே 'ஏற்கெனவே இருந்த நோய்' ஆகிவிடும். அதனால் முதல் முறையே யோசித்து எடுப்பது நல்லது.

அடுத்தது கையிலிருந்து போகும் பணம். இது இரண்டு பெயரில் வரும். முதலில் நாம் கட்டவேண்டிய ஒரு தொகை, அப்புறம் மீதியில் நம் பங்கு இத்தனை சதவீதம் என்று. எதை முதலில் கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். 1,000 பில், முதல் 200 நம்முடையது, அவர்கள் பங்கு 80% என்று வைத்துக்கொள்வோம். 200-ஐக் கழித்துவிட்டு 80% போட்டால் 640 வரும். 80% போட்ட பிறகு 200-ஐக் கழித்தால் 600-தான் வரும். அந்த 200 வருடத்துக்கு ஒரு தடவையா, நோய்க்கு ஒரு தடவையா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒரே வருடத்தில் மூன்று பிரச்சினை வந்தால் மூன்று முறை கட்ட வேண்டியிருக்கும்.

பல் விஷயத்தில் ஒரு நிறுவனத்தைக் கழித்துக்கட்டினேன். பூனைகளுக்குப் பல் உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகும் நோய் பரவலாக உண்டு. கடுமையாக வலிக்கும், பெரும்பாலும் பல்லை எடுத்தாக வேண்டும். அந்த நிறுவனத்தின் முகப்புத் தாளில் 'பல் சிகிச்சை உண்டு' என்று தடித்த எழுத்தில் இருந்தது. உள்ளே 23-ஆம் பக்கத்தில், விபத்தில் உடைந்த பல்லுக்கு மட்டும் என்று இருந்தது.

இன்னொரு நிறுவனத்துக்கு போன் செய்தேன். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகல். படிகமோ சளி போன்ற கசடோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. ஒரு முறை வந்தால் மறுபடி வரவும் செய்யும். அதனால், "ரெண்டாவது தடவை அடைச்சா அதைப் புது நோயா எடுத்துப்பீங்களா, பழைய நோயோட சேர்ப்பீங்களா? டாக்டர் எழுதித் தர்ற சிறப்பு உணவுக்குப் பணம் உண்டா?" என்று கேட்டேன்.

"எல்லாமே கவர் ஆகும் மேடம்" என்றார் அந்தப் பெண்.

"இதை மெயில்ல எழுதி அனுப்புவீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது பாலிசி வாசகத்துலயே இருக்கும் மேடம், பார்த்துக்கோங்க" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, மேலதிகாரி கூப்பிடுவார் என்றார். இன்றுவரை கூப்பிடவில்லை. மூன்றாவது நிறுவனம் அதே கேள்விகளுக்கு இரண்டு நாளில் எழுத்தில் பதில் தந்தது. சிறப்பு உணவுக்குப் பணம் கிடையாது என்று தெளிவாகவே சொன்னார்கள். பரவாயில்லை, சொன்னார்களே. அவர்களிடம்தான் எடுத்தேன். எந்தக் கேள்வியையும் போனில் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பதில் எழுத்தில் இருந்தால்தான் நாளைக்குக் காட்ட முடியும்.

விண்ணப்பம் 10 நிமிட வேலை. ஆனால் நான்கு நாள் கழித்து, முகிலின் மைக்ரோசிப் (அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் சின்னச் சிப்) எண் பதிவேட்டில் இல்லை, விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று தகவல் வந்தது. காப்பகத்தில் தந்த தாளைப் பார்த்தேன், அதே எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். மறுபடி மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் ஸ்கேனரை முகிலின் தோள்பட்டைகளுக்கு நடுவே மெதுவாக நகர்த்தினார். பீப் என்றது. திரையில் வந்த 15 இலக்கங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். பத்து இலக்கம் வரை சரி. பதினொன்றில் அவர் "எட்டு, ஆறு" என்றார். என் தாளில் ஆறு, எட்டு. எழுதியவர் கை மாறிப்போட்டிருக்கிறது.

திருத்திய தாளுக்காகக் காப்பகத்துக்குப் போனேன். பதிவேடு பார்ப்பவர் அன்று வரவில்லை, சாவி அவரிடம்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை போய்தான் வாங்கினேன். இதற்குள் 3 வாரம் போய்விட்டது. காத்திருப்புக் காலம் விண்ணப்பித்த தேதியிலிருந்து ஓடாது, பாலிசி தொடங்கும் தேதியிலிருந்துதான் ஓடும். என் பாலிசியில் நோய்களுக்கு 14 நாள். குட்டியை வாங்கும் இடத்திலேயே சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லி, தாளோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

பாலிசி தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் முகில் வலது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். முந்தின நாள் சாயங்காலம் முழுக்கப் பழைய பிரம்புக் கூடைக்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தான். டாக்டர் கண்ணில் ஒரு சொட்டுச் சாயம் விட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் காட்டினார். "இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். கருவிழியின் குறுக்கே பச்சையாக ஒரு நேர்கோடு மின்னியது, கீறல். நல்லவேளை, ஆழம் இல்லை. சொட்டு மருந்து, வலி மருந்து, கழுத்துக்குக் கூம்புப் பட்டை, மூன்று முறை மறுபரிசோதனை. கண் முழுக்க ஆறிவிட்டது.

கிளெய்ம் அனுப்பினேன். முதலில் பணம் கட்டிய ரசீது போதாது, எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில் வேண்டும் என்று திருப்பினார்கள். அனுப்பினேன். அப்புறம் முழு மருத்துவக் குறிப்பும் கேட்டார்கள். அதையும் அனுப்பினேன். பத்தாம் நாள் நிராகரிப்புக் கடிதம் வந்தது. பாலிசிக்கு முன்பே தும்மலும் கண்ணில் நீரும் இருந்திருக்கின்றன, அதனால் கண், சுவாசப் பாதை சம்பந்தப்பட்ட எதற்கும் இனி இந்தப் பூனைக்குப் பணம் கிடையாது என்றார்கள். இந்த கிளெய்முக்கு மட்டும் இல்லையாம், எப்போதைக்குமே. படித்ததும் கை நடுங்கிவிட்டது. அவன் 6 மாதம்கூட நிறையாத குட்டி.

டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர்கள் எதை நினைக்கிறார்கள் என்று அவர்தான் விளக்கினார். பூனைகளுக்கு வரும் ஹெர்பீஸ் வைரஸ் ஒரு முறை தொற்றினால் பெரும்பாலும் ஆயுளுக்கும் உடம்பிலேயே பதுங்கியிருக்கும். உடம்போ மனசோ தளரும்போது தும்மலாக, கண் புண்ணாகத் திரும்ப வரும். அந்தக் கணக்கில்தான் கண்ணையும் மூக்கையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். "ஆனா ஹெர்பீஸ் புண்ணுக்குன்னு ஒரு வடிவம் உண்டு, மரக்கிளை மாதிரி பிரிஞ்சு போகும். இவனுக்கு நேர்கோடு. நான் படம் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சே வந்தது.

மேல்முறையீட்டுக்கு எவ்வளவு நாள் அவகாசம் என்பது நிராகரிப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். நான் அனுப்பியவை: சாயம் விட்டு எடுத்த கண்ணின் படம், இது காயத்தால் வந்த கீறல் என்றும் முதல் தும்மல் மருந்தில்லாமல் ஒரே நாளில் நின்றது என்றும் டாக்டர் கையெழுத்திட்டுத் தந்த கடிதம், வைரஸ் இல்லை என்று வந்த பரிசோதனை முடிவு. கூடவே காப்பகத்தின் குறிப்பையும் வைத்தேன். அங்கே இருந்தவரை சளித் தொந்தரவு எதுவும் இல்லை, 8-ஆம் வாரத்தில் முதல் தடுப்பூசி போடப்பட்டது என்று அதில் இருந்தது. சிப் எண்ணுக்காக இரண்டாம் தடவை போனபோது, இருக்கட்டுமே என்று கேட்டு வாங்கிவைத்திருந்த தாள் அது. கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. எந்தத் தேதியில் என்ன நடந்தது, அதற்கு எந்தத் தாள் ஆதாரம் என்று மட்டும் வரிசையாக எழுதினேன்.

இப்போது கண் கீறலுக்கான பணம் வந்துவிட்டது, என் பங்கு போக. கண் நோய்கள் மீதிருந்த தடையை முழுக்க எடுத்துவிட்டார்கள். சுவாசத் தொற்றுக்கு மட்டும் தடை நிற்கிறது. 12 மாதம் அறிகுறி இல்லாமல் இருந்தால் மறுபடி பார்ப்பதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டேன். அதோடு தடுப்பூசித் தேதிகளையும். தடுப்பூசி தவறினால், அது தடுக்கக்கூடிய நோய் எதற்கும் பணம் தரமாட்டார்கள் என்று விலக்குகளில் இருக்கிறது.

அடுத்த மாதம் முகிலுக்குக் கருத்தடை அறுவை. அதற்கு நான் பார்த்த மூன்று பாலிசியிலும் இடமில்லை, தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கே கேஸ் ஷீட்டின் நகலையும் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.